பழைய கலனில் புதிய வெல்டு

அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதிநூலைப் பின்பற்றிக் கட்டிய அழுத்தக்கலன்களின் பெயர்த்தகட்டில் அழுத்தம், வெப்பநிலை, கட்டிய ஆண்டு இவற்றோடு சில எழுத்துக் குறிகளும் இருக்கும். ‘எச்.டி.’ என்று பொறித்திருந்தால், வெல்டிங் முடிந்த பிறகு முழுக் கலனையும் சூடாக்கி மெல்ல ஆறவிட்டிருக்கிறார்கள் என்று பொருள். ‘பி.எச்.டி.’ என்றால் ஒரு பகுதியை மட்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் இந்த வேலைக்கு ‘ஸ்ட்ரெஸ் ரிலீவிங்’ என்றும் சுருக்கமாக ‘எஸ்.ஆர்.’ என்றும் பெயர்.

கலன் ஆலைக்கு வந்து முப்பது, நாற்பது ஆண்டு ஆன பிறகு, அதன்மேல் எதையாவது பொருத்த வேண்டிய தேவை வரும். ஏணிக்கு ஒரு கிளிப், புதுக் குழாய்க்கு ஒரு தாங்கி, காப்புறை நிற்க ஒரு வளையம், நடைமேடைக்கு நான்கு பிராக்கெட். அழுத்தம் தாங்காத பாகம்தானே, அரை மணி நேர வேலைதானே என்று கேட்பார்கள். வெல்டு செய்யலாமா, செய்தால் மறுபடியும் சூடாக்க வேண்டுமா, சூடாக்காமல் வேறு வழி உண்டா என்பதுதான் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. விடை தேடுகிறவர்கள் பெரும்பாலும் நேராக விதிநூலின் விலக்குப் பட்டியலைப் புரட்டுகிறார்கள். எனக்கு அது தலைகீழ் வரிசையாகப் படுகிறது. அன்று அந்தக் கலனை எதற்காகச் சூடாக்கினார்கள் என்பது தெரியாமல் மற்ற எந்தக் கேள்விக்கும் விடை கிடையாது.

வெல்டிங் ஆர்க் எஃகை உருக்கும்போது, உருகிய இடத்தை ஒட்டிய சில மில்லிமீட்டர் அகலம் உருகாமலே 727 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் எஃகின் உட்கட்டமைப்பே மாறிவிடும். சுற்றியிருக்கும் கனமான குளிர்ந்த தகடு அந்த வெப்பத்தை நொடிகளில் உறிஞ்சிக்கொள்கிறது. கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவதும் இதுவும் ஒரே வேலைதான். விளைவாக அந்தக் குறுகிய பட்டை கடினமாகவும் நொறுங்கக்கூடியதாகவும் ஆகிறது. இது முதல் கேடு. உருகிய உலோகம் ஆறிச் சுருங்கும்போது சுற்றியுள்ள தகடு அதைச் சுருங்க விடாததால், எஃகு தாங்கும் எல்லை வரைக்கும் இழுவிசை உள்ளே பூட்டிக்கொள்கிறது. எஞ்சு தகைவு என்று நூல்கள் சொல்லும் இது இரண்டாவது கேடு. மூன்றாவது, வெல்டிங் ராடின் பூச்சில் இருக்கும் ஈரம் ஆர்க்கில் பிரிந்து ஹைட்ரஜனாக உலோகத்துக்குள் நுழைவது. கடினமான பட்டை, பூட்டிய இழுவிசை, ஹைட்ரஜன் மூன்றும் ஓரிடத்தில் கூடினால், வேலை முடிந்து ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துக்கூட விரிசல் விடும். அதனால்தான் வெல்டு ஆறின உடனேயே செய்யும் ஆய்வை நம்பக்கூடாது என்கிறார்கள்.

கார்பன் எஃகை 595 டிகிரிக்குக் குறையாமல், 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் சூட்டில் வைத்திருந்தால் இந்த மூன்றும் ஒரே வேலையில் தீருகின்றன. கடினப் பட்டை பதமாகிறது. அந்தச் சூட்டில் எஃகு இளகிக் கொடுப்பதால் பூட்டிய விசை பெருமளவு தளர்கிறது. ஹைட்ரஜன் வெளியேறுகிறது. இதற்கு மாற்றாகச் சொல்லப்படும் முறைகள் மூன்றில் எதைச் செய்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்று பார்ப்பதுதான் இந்த விவகாரத்தின் மையம். பல விவாதங்கள் அதைப் பார்க்காமலே முடிந்துவிடுகின்றன.

அன்று சூடாக்கியதற்குக் காரணம் தடிமனாக இருக்கலாம். ஏ.எஸ்.எம்.இ. எட்டாம் பிரிவின்படி சாதாரணக் கார்பன் எஃகில் 38 மி.மீ.க்கு மேல் போனால் சூடாக்கல் கட்டாயம். முன்சூடு கொடுக்காவிட்டால் அந்த எல்லை 32 மி.மீ.க்கு இறங்கும். காரணம் உலோகக் கலவையாக இருக்கலாம். குரோமியம்-மாலிப்டினம் எஃகுகள் ஆறும்போது எளிதில் கடினமாகிவிடும். அல்லது உள்ளே ஓடும் திரவம் காரணமாக இருக்கலாம். அமீன் கரைசல், காஸ்டிக் சோடா, ஈரத்தோடு கலந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு, நீரற்ற அம்மோனியா ஆகியவை எஞ்சு தகைவு இருக்கும் இடமாகப் பார்த்து எஃகைப் பிளக்கும். தகடு 12 மி.மீ. தடிமனே இருந்தாலும் அங்கே சூடாக்கித்தான் ஆகவேண்டும். ஆபத்து கூடுதலாக இருப்பதும், வரைபடத்தில் காரணம் எழுதாமல் விட்டுப்போவதும் இந்த மூன்றாம் வகையில்தான்.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், சிகாகோவுக்குத் தென்மேற்கே ரோமியோவில் என்ற ஊரில் இருந்த யூனியன் ஆயில் சுத்திகரிப்பாலையில் 1984 ஜூலை 23 அன்று நடந்தது இதற்குச் சரியான பாடம். அங்கே ஓர் அமீன் உறிஞ்சு கோபுரம் 1970 முதல் ஓடிக்கொண்டிருந்தது. தகட்டின் தடிமன் 25 மி.மீ.தான். உள்ளே ஹைட்ரஜன் கொப்புளங்கள் கண்டதால் 1974இல் உடலின் ஒரு வளையப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகட்டை நின்ற இடத்திலேயே வெல்டு செய்தார்கள். தடிமன் எல்லைக்குக் கீழே இருந்ததால் விதிநூல் சூடாக்கச் சொல்லவில்லை; அவர்களும் சூடாக்கவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அந்த வெல்டை ஒட்டி விரிசல் சுற்றிலும் ஓடி, கோபுரம் இரண்டாக முறிந்தது. மேல்பகுதி ஒரு கிலோமீட்டர் தூரம் பறந்து விழுந்தது. கசிந்த எரிவாயு பற்றியெரிந்து 17 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலையின் தீயணைப்புக் குழுவினர்.

அமெரிக்கத் தேசியத் தர அளவை நிலையம் அந்த உலோகத்தை வெட்டிப் பார்த்துச் சொன்னது நேரடியானது. பழுதுபார்ப்பு வெல்டிங்கால் உண்டான கடினப் பட்டையில் விரிசல் தொடங்கியது. ஹைட்ரஜன் அதை வளர்த்தது. மிக ஆழமான விரிசல் தகட்டின் தடிமனில் 90 சதவீதத்தைத் தாண்டியபோது மிச்சம் அறுந்தது. அப்போது கலனில் இருந்த தகைவு வெறும் 35 மெகாபாஸ்கல். கலன் தாங்கியிருக்க வேண்டியதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 1974இல் வேலை செய்தவர்கள் விதியை மீறவில்லை என்பதுதான் இதில் என்னை உறுத்துவது. விதிநூல் புதிதாகக் கட்டும் கலனுக்கு எழுதியது. உள்ளே என்ன ஓடுகிறது என்பதை அது பெரும்பாலும் பயனாளரின் பொறுப்புக்கே விட்டுவிடுகிறது.

அது உடல் தகட்டையே மாற்றிய பெரிய வேலை, ஒரு கிளிப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வெளிப்புறத்தில் போடும் சிறு வெல்டின் கடினப் பட்டை உட்பரப்பை எட்டாது என்பது உண்மை. ஆனால் மெல்லிய தகட்டில் பூட்டிய இழுவிசை தடிமன் முழுக்கப் பரவும். 12 மி.மீ. தகட்டில் வெளியே போடும் வெல்டு உட்பரப்பில் திரவம் தொடும் இடத்தையும் இழுத்துப் பிடிக்கிறது. 75 மி.மீ. தகட்டில் அந்த அளவு பாதிப்பு உள்ளே போய்ச் சேராது. ஆகவே, இந்தக் கேள்வியில் மெல்லிய கலன்தான் ஆபத்தானது. தடித்த கலனைப் பார்த்துப் பயந்து, மெல்லியதைப் பார்த்து அலட்சியப்படும் நம் வழக்கம் இங்கே செல்லாது.

வாஷிங்டன் மாநிலத்தின் அனகார்டெஸில் உள்ள டெசோரோ ஆலையில் 2010 ஏப்ரல் 2 அன்று ஏழு பேரைக் கொன்ற விபத்து இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. 1972இல் கட்டிய கார்பன் எஃகு வெப்பமாற்றி ஒன்று, உயர் வெப்ப ஹைட்ரஜன் தாக்கத்தால் வெல்டை ஒட்டிய பகுதியில் வெடித்தது. அந்த வெல்டுகளுக்கு எஸ்.ஆர். செய்திருக்கவில்லை. எந்த எஃகை எந்த வெப்பநிலை வரை ஹைட்ரஜனில் நம்பலாம் என்று காட்டும் நெல்சன் கோடுகளில், எஸ்.ஆர். செய்யாத கார்பன் எஃகுக்கென்று கீழே ஒரு தனிக்கோடு 2016இல்தான் சேர்ந்தது. எஸ்.ஆர். செய்த கலனில் நாம் போடும் ஒரேயொரு புதிய வெல்டு, அந்த ஓரிடத்தை மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறக்கிவிடும். ஆலையின் பதிவேட்டிலோ அந்தக் கலன் இன்னும் ‘எச்.டி.’ என்றே இருக்கும்.

‘அழுத்தம் தாங்காத சிறு பாகம்’ என்ற சொல்லாட்சியின் வெறுமையைக் காட்ட, கலனுலகத்துக்கு வெளியே ஒரு சான்று உண்டு. வடகடலின் எக்கோஃபிஸ்க் எண்ணெய் வயலில் 1980 மார்ச் 27 அன்று அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். முறிந்தது ஒரு குறுக்குத்தாங்கி. விரிசல் தொடங்கிய இடம், ஒலிவாங்கிக் கருவி ஒன்றைப் பொருத்துவதற்காக அந்தத் தாங்கியில் வெல்டு செய்த சிறு பிடிமானம். அதைக் கட்டுமானத்தின் பகுதியாகவே யாரும் கருதவில்லை. 6 மி.மீ. ஃபில்லட் வெல்டு, தரமும் மோசம். விரிசலுக்குள் கட்டும்போது அடித்த பெயின்ட் இருந்ததை விசாரணையாளர்கள் கண்டார்கள். மேடை கடலுக்குப் போகுமுன்பே அது விரிந்திருந்தது.

இனி மாற்று வழிகள். இயங்கும் கலன்களுக்கான அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 510 இரண்டை அனுமதிக்கிறது. முதலாவது முன்சூட்டு முறை. குறிப்பிட்ட கார்பன் எஃகு வகைகளிலும் சில கார்பன்-மாலிப்டினம் எஃகுகளிலும் 150 டிகிரிக்குக் குறையாமல் முன்சூடு கொடுத்து, வெல்டின் இருபுறமும் 100 மி.மீ. அல்லது தடிமனின் நான்கு மடங்கு, எது பெரிதோ அந்த அகலத்துக்கு அதை நிலைநிறுத்தி வேலை செய்வது. தகடு சூடாக இருப்பதால் வெல்டு மெல்ல ஆறுகிறது, கடினம் குறைகிறது, ஹைட்ரஜனும் வெளியேற நேரம் கிடைக்கிறது. இரண்டாவது, அடுக்கைக் கட்டுப்படுத்தி இடும் டெம்பர் பீட் முறை. முதல் அடுக்கை மெல்லிய ராடால் இட்டு, அதன்மேல் வரும் அடுக்குகளின் வெப்பத்தைக் கணக்காக அமைத்து, முதல் அடுக்கு உண்டாக்கிய கடினப் பட்டையை அடுத்த அடுக்கே பதப்படுத்தும்படி செய்வது. முடிந்ததும் 260 டிகிரி அளவில் குறைந்தது இரண்டு மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை விரட்டுகிறார்கள். கையில் நிதானமும் ஒழுங்கும் உள்ள வெல்டர் செய்தால் அழகான வேலை. அவசர ஷட்டவுனில், இரவு ஷிஃப்டில், சாரத்தின்மேல் குந்தியபடி அந்த ஒழுங்கு நிலைக்குமா என்பது வேறு விஷயம்.

இந்த இரண்டும் கடினத்தைக் குறைக்கின்றன, ஹைட்ரஜனை வெளியேற்றுகின்றன. பூட்டிய விசையை எஸ்.ஆர். தளர்த்தும் அளவுக்கு இரண்டில் எதுவும் தளர்த்துவதில்லை. தடிமனுக்காகச் சூடாக்கிய கார்பன் எஃகுக் கலனில், கலவை தெரிந்திருந்தால், இவற்றைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. காஸ்டிக்குக்காகவோ அமீனுக்காகவோ சூடாக்கிய மெல்லிய கலனில் இவை பதிலீடு ஆகா. ஏ.பி.ஐ. 510ம் இதை மறைக்கவில்லை. மாற்று முறையைக் கையாளுமுன் ஒரு பொறியாளர் உலோகவியல் ஆய்வு செய்யவேண்டும் என்றும், முதலில் சூடாக்கியதற்கான காரணம், தகைவு அரிப்பு விரிசல், ஹைட்ரஜன் தாக்கம் முதலியவற்றைக் கருதவேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்த வரியைத் தாண்டிக் குதித்து அடுத்த பத்தியில் இருக்கும் 150 டிகிரியை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் நடைமுறையில் காணும் நோய்.

விதிநூலிலிருந்து அடிக்கடி எடுத்துக்காட்டும் இன்னொரு விலக்கு, கார்பன் எஃகில் 13 மி.மீ.க்கு மேற்படாத ஃபில்லட் வெல்டால் அழுத்தம் தாங்காத பாகத்தைப் பொருத்தும்போது, 95 டிகிரி முன்சூடு கொடுத்தால் சூடாக்கல் கட்டாயமில்லை என்பது. தடிமன் சார்ந்த கட்டாயத்துக்கு மட்டும் அது பொருந்தும். உள்ளே ஓடும் திரவத்துக்காகச் சூடாக்கியதை அது விலக்காது.

சரி, அந்த ஓரிடத்தை மட்டும் மறுபடி சூடாக்கிவிட்டால்? சொல்வதுபோல் எளிதல்ல. கலனின் உடலில் வட்டமாக ஓரிடத்தை மட்டும் 600 டிகிரிக்கு ஏற்றினால், அந்த இடம் மீட்டருக்கு எட்டு மி.மீ. அளவில் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. சூடான இடம் நசுங்கி, ஆறும்போது புது இழுவிசையோடு நிற்கும். தீர்க்கப்போன நோயை வேறிடத்தில் உண்டாக்கிவிடுவோம். அதனால் உருளைக் கலன்களில் சுற்றளவு முழுவதையும் ஒரு வளையமாகச் சூடாக்கி, இருபுறமும் வெப்பம் படிப்படியாக இறங்கும்படி காப்புறை கட்டுவது பாதுகாப்பான வழி. ஓரிடத்தை மட்டும் சூடாக்குவதென்றால் முன்கூட்டியே கணக்குப் போட்டுக் காட்டவேண்டும். நிற்கும் கோபுரத்தில் இன்னொரு சிக்கல்: 600 டிகிரியில் கார்பன் எஃகின் வலிமை பாதிக்கும் கீழே போய்விடும். மேலே இருக்கும் எடையையும் காற்றையும் அந்த இளகிய வளையம் தாங்கவேண்டும்.

சூடு போதாமல் போனால் என்ன ஆகும் என்பதை 1965 டிசம்பரில் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் ஜான் தாம்சன் தொழிற்சாலை காட்டியது. 149 மி.மீ. தடிமன் கொண்ட அம்மோனியா ஆலைக் கலன், நீரழுத்தச் சோதனையிலேயே வெடித்தது. இரண்டு டன் துண்டு ஒன்று 46 மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. எஸ்.ஆர். செய்ததாகப் பதிவு இருந்தது. தேவையான வெப்பநிலையைத்தான் எஃகு எட்டியிருக்கவில்லை. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் எங்கே ஒட்டப்பட்டது என்பது வரைபடத்தில் இருக்கவேண்டும் என்று நச்சரிக்கும் ஆய்வாளரைச் சலித்துக்கொள்ளாதீர்கள்.

பழைய எஃகு என்பதே தனிக் கதை. 1960களுக்கு முன் கலன்களுக்குப் பெரிதும் பயன்பட்ட ஏ-212 போன்ற தகடுகளில் கார்பன் அதிகம், உலோகத்தின் படிக மணி பெரிது, குளிரில் நொறுங்கும் குணமும் உண்டு. கந்தகம் கூடுதலாக இருந்த தகடுகளில் மாங்கனீசு சல்ஃபைடு உருளையில் நசுங்கி இலை இலையாகப் படிந்திருக்கும். அப்படிப்பட்ட தகட்டின் முகத்தில் ஒரு லக்கை வெல்டு செய்து வெளியே இழுத்தால், வெல்டு நன்றாக இருக்க, அதன் அடியில் தகடு படலம் படலமாகக் கிழியும். வெல்டு செய்யப்போகும் இடத்தை முன்னதாக அல்ட்ராசோனிக்கால் துருவிப் பார்ப்பது இதற்காகவும், மிச்சமிருக்கும் தடிமனை அறியவும்தான். கலவையை அறியக் கையடக்க எக்ஸ்-ரே துப்பாக்கியைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அது குரோமியத்தைச் சொல்லும், கார்பனைச் சொல்லாது. முன்சூட்டைத் தீர்மானிப்பதில் முதலிடம் கார்பனுக்குத்தான். ஸ்பார்க் முறைக் கருவி வேண்டும், அல்லது துளைத்தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். உயர் வெப்பத்தில் பல்லாண்டு ஓடிய குரோமியம்-மாலிப்டினம் எஃகுக்கு வேறு கவலை: 370 முதல் 575 டிகிரி வரையிலான சேவையில் பாஸ்பரஸ், வெள்ளீயம் போன்ற மாசுகள் மணி எல்லைகளில் சேர்ந்து எஃகை நொறுங்கவைத்திருக்கும். 1970களின் நடுப்பகுதிக்கு முன் வார்த்த எஃகில் அந்த மாசு கூடுதல்.

நீரில் தோய்த்துப் பதப்படுத்திய உயர்வலிமை எஃகு, உதாரணமாக ஏ-517, இவை எல்லாவற்றுக்கும் எதிர்த்திசையில் நிற்கிறது. அதன் வலிமை வந்ததே ஆலையில் 620 டிகிரிக்கு மேல் பதப்படுத்தியதால். அந்தச் சூட்டைத் தாண்டி எஸ்.ஆர். செய்தால் வலிமை போகும். தாண்டாமல் செய்தாலும் வெல்டை ஒட்டி மறுசூட்டு விரிசல் வரக்கூடும். முன்சூடு குறைந்தால் கடினம். கூடினால் மெதுவாக ஆறி, முறிவைத் தாங்கும் தன்மை குறையும். இத்தகைய கலனில் கிளிப் வெல்டு செய்ய யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே என் முதல் பதில்.

உண்மையில், பெரும்பாலான கலன்களுக்கு அதுவே நல்ல பதில். கலனைச் சுற்றிப் போல்ட் போட்டு இறுக்கும் பட்டைவளையம் குழாய்த்தாங்கியையும் ஏணியையும் தாங்கும். நடைமேடையைத் தரையிலிருந்து தனித்தூண்களில் எழுப்பலாம். எஸ்.ஆர். செய்யுமுன் பொருத்திய பழைய கிளிப்போ பேடோ இருந்தால், கலன் தகட்டைச் சூடு எட்டாத தூரத்தில் அந்தக் கிளிப்பின் நுனியிலேயே புதியதை வெல்டு செய்து நீட்டலாம். எல்லாம் வெல்டை விடச் செலவு கூடியதாகத் தோன்றும். மேற்சொன்ன ஆய்வு, சோதனை, அனுமதி எல்லாவற்றையும் நேர்மையாகக் கணக்கில் சேர்த்தால் தோன்றாது.

வெல்டு செய்தே தீரவேண்டும் என்றால், அதே கலவை கொண்ட தகட்டில் முன்மாதிரி ஒன்றைச் செய்து, வெட்டி, மெருகேற்றிக் கடினத்தை அளப்பதற்கு ஈடில்லை. முடிந்த வெல்டின்மேல் கையடக்கக் கருவியால் தட்டிப் பார்ப்பது மூன்று மில்லிமீட்டர் பட்டையின் உச்சக் கடினத்தைப் பிடிக்காது. திருச்சி பெல் வளாகத்தில் 1975 முதல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் இயங்கிவரும் மாநிலத்தில் இத்தகைய சோதனைக்கு ஆளோ கருவியோ கிடைக்காது என்று யாரும் சொல்லமுடியாது. பேடின் மூலைகளை வளைவாக வெட்டுவது, பழைய வெல்டு வரிசையைக் குறுக்கே தாண்டாமல் இருப்பது, ராடை அவனில் சூடாக வைத்திருப்பது, ஆர்க்கைக் கலன் தகட்டில் தட்டிப் பற்றவைக்காமல் இருப்பது ஆகியவை எல்லோரும் அறிந்தவை. கண்காணிக்க ஆள் இல்லாதபோது விட்டுப்போகிறவையும் இவையே.

சட்டம் தெளிவாக இருக்கிறது. கொதிகலன் என்றால், 1923இன் இந்தியக் கொதிகலன் சட்டக் காலத்திலிருந்தே, தலைமை ஆய்வாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் மாற்றமோ சேர்க்கையோ செய்யக்கூடாது. அழுத்தத்தில் எரிவாயு வைக்கும் கலன்களுக்கு 2016 விதிகளின்படி, நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் அனுமதி வேண்டும். இந்த இரண்டுக்கும் வெளியே நிற்கும் ஆலைக் கலன்களில்தான் எல்லாம் உள்ளூர்ப் பொறியாளரின் மனச்சாட்சியில் தொங்குகிறது.

புதிதாகக் கலன் வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆர்டர் கொடுக்கும்போதே உடலின் நாலாபுறமும் உபரியாகச் சில கிளிப்புகளையும் பேடுகளையும் எஸ்.ஆர்.க்கு முன் பொருத்தித் தரச் சொல்லுங்கள். சூடாக்கியதற்கான காரணத்தையும் வரைபடத்தில் ஒரு வரியாக எழுதி வாங்குங்கள். கலனின் விலையில் அந்தச் செலவு தெரியவே தெரியாது.